மழலையர் பள்ளி ஆயத்த மதிப்பீடு: அமர்வு அருமை, அறிக்கைதான் ஏமாற்றம்

நான்கரை வயது மகள் மழலையர் பள்ளிக்கு ஆயத்தமாக இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லும் மையம் ஒன்றுக்குச் சென்ற மாதம் அவளை அழைத்துப் போயிருந்தோம். நாற்பது நிமிட அமர்வு, ஒரு வாரத்தில் எழுத்து அறிக்கை என்பது ஏற்பாடு.

அமர்வை நடத்திய பெண்மணி எழுத்தையோ எண்ணையோ கேட்காமல், தரையில் அமர்ந்து கட்டைகளை அடுக்கத் தொடங்கியதே எனக்குப் பிடித்துப்போனது. பிறகு வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் ஆகியவற்றைக் காட்டி, பார்த்து வரையச் சொன்னார். பொதுவாக 3 வயதில் வட்டமும், 4 வயதில் கூட்டல் குறியும், 5 வயதையொட்டி முக்கோணமும் கைக்கு வரும் என்பதால், எதுவரை வருகிறது என்பதோடு பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள் என்பதையும் கவனித்தார். என் மகளின் முக்கோணம் ஒரு மூலையில் மூடாமலே நின்றது, அது கதவாம். அடுத்து, தலையைத் தொடச் சொன்னால் காலைத் தொட வேண்டும் என்றொரு விளையாட்டு. விதியை நினைவில் வைத்துக்கொண்டு, முந்தும் கையை அடக்க முடிகிறதா என்று பார்க்கும் முறை இது. வகுப்பில் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் இதே திறன்தான் வேண்டும் என்பதால், எழுத்துகளை ஒப்பிப்பதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தனையையும் பார்த்தவர்கள் அனுப்பிய அறிக்கையிலோ 100க்கு 62 என்ற ஒற்றை எண்ணும், 'இன்னும் ஆயத்தமாகவில்லை' என்ற ஒரு வரியும்தான் இருந்தன. மொழித்திறன் குறைவாம்! வீட்டில் தூங்கும்வரை வாய் ஓயாதவள், புதியவர் முன் பேசாமல் இருந்ததற்கு இப்படியொரு முத்திரை. வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஆரம்பகால வளர்ச்சி வினாத்தாளைக் குழந்தையோடு சில மாதங்கள் பழகிய ஆசிரியரே நிரப்புகிறார். அதன் முடிவையும் தனிக் குழந்தை மீதான தீர்ப்பாகக் கொள்ளாமல், ஒரு பகுதிக் குழந்தைகளின் நிலையைத் தொகுத்துப் பார்க்கவே பயன்படுத்துகிறார்கள். நாற்பது நிமிடம் பார்த்தவர்களுக்கு மட்டும் இந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

இரண்டு முறை கேட்ட பிறகு, அமர்வின்போது எழுதிய கைக்குறிப்புகளை அனுப்பினார்கள். 'இருமுறை விதியை மறந்தாள், மூன்றாம் முறை தானே திருத்திக்கொண்டாள்' என்ற அந்த ஒரு வரியில் கிடைத்த தெளிவு அறிக்கை முழுவதிலும் இல்லை. அங்கே செல்வோர் அந்தக் குறிப்புகளை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.