ஒரே அடிக்கு ஒரே விடை: டைமண்ட், கோல்ட் கிரவுன், ராசன் பூல் மேசைகள்

பூல் மேசை ஒன்றை மதிப்பிட வேண்டுமென்றால் நான் முதலில் செய்வது ஒரே ஒரு காரியம்தான். பந்தை அடிக்கும் கோலான க்யூவைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பந்தைக் கையால் மேசையின் குறுக்கே, எதிர்ப்பக்கத்து ரப்பர் விளிம்பான குஷனைத் தொடும் முன்பே நின்றுவிடும் அளவுக்கு மிக மெதுவாக உருட்டிவிடுவேன். வேகமாக ஓடும் பந்து மேசையின் குறைகளை மறைத்துவிடும். நிற்கப் போகும் பந்தால் மறைக்க முடியாது. கடைசி ஒரு சாண் தூரத்தில் அது நேராகவே போய் அடங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். நின்று போகும் தறுவாயில் மெல்லத் திரும்பிப் பக்கவாட்டில் சரிந்தால், அந்த மேசையின் மரவேலையும் மெருகும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தீவிரமாக ஆடுபவருக்கு அது இப்போதைக்கு உதவாது. ஒரே அடியை ஒரே விசையில், ஒரே இடத்தில் அடித்தால் ஒரே விடை வர வேண்டும். நல்ல மேசையிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். இதைத் தராத மேசையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தாலும், தவறு நம்முடையதா மேசையுடையதா என்பது கடைசிவரை தெரியாமலேயே போய்விடும்.

இங்கே ஒப்பிடுபவை அனைத்தும் 9 அடி மேசைகள். உலக பூல் சங்கத்தின் விதிப்படி இவற்றின் ஆடுபரப்பு, குஷனின் மூக்கிலிருந்து (பந்து மோதும் முனை) எதிர்க் குஷனின் மூக்கு வரை, 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் ஆகும். வழக்கமான 58 அங்குல க்யூவைத் தடையின்றி இழுத்து அடிக்க வேண்டுமானால், மேசையைச் சுற்றி நான்கு பக்கமும் அந்த நீளத்துக்காவது இடம் வேண்டும். ஆக, அறை 18 அடிக்கு 14 அடியாவது இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாதவர், ஒவ்வொரு மூலையிலும் குட்டைக் க்யூவை எடுத்துக்கொண்டு 9 அடி மேசையில் ஆடுவதைவிட, 8 அடி மேசையில் முழுக் க்யூவோடு ஆடுவதே மேல் என்பது என் கருத்து.

மேசையின் உயிர் அதன் கற்பலகையில் இருக்கிறது. கல்லின் தடிமன் குறைந்தது 1 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது விதி. நீளவாக்கில் 0.020 அங்குலத்துக்கும் அகலவாக்கில் 0.010 அங்குலத்துக்கும் மேல் ஏற்ற இறக்கம் கூடாது. துண்டுகள் சேரும் இடத்தில் இரு பக்கத்து உயரமும் 0.005 அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் அளவுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர், முதல் பத்தியில் சொன்ன பந்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தால் போதும்.

பெரும்பாலான 9 அடி மேசைகளில் கல் மூன்று துண்டுகளாக வருகிறது. அவற்றைச் சட்டத்தின் மீது அடுத்தடுத்து வைத்து, மெல்லிய ஆப்புகளைச் செருகி மட்டம் பிடித்து, இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் தகட்டால் சுரண்டிச் சமப்படுத்துவார்கள். இது திறமையான கைகள் செய்ய வேண்டிய வேலை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை மேசையை இடம் மாற்றியபோது, பொருத்த வந்தவர் மெழுகு முழுதும் ஆறும் முன்பே அவசரமாகச் சுரண்டிவிட்டுத் துணியை இழுத்துப் போர்த்திவிட்டார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, தலைப்பக்கத்து இணைப்பைக் கடக்கும் மெதுவான பந்துகள் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு துள்ளத் தொடங்கின. துணிக்கு மேல் விரலை வைத்து நீவினால் அந்தக் கோடு அப்படியே கைக்குத் தட்டுப்பட்டது. துணியைக் கழற்றி, மெழுகை நீக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யும்வரை அந்த மேசையில் மென்மையான பாதுகாப்பு ஆட்டம் (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி பந்தை நிறுத்துவது) எதையும் நம்பி ஆட முடியவில்லை. அதற்குப் பின் மேசையைத் தேடுவதற்கு முன்பே, அதைப் பொருத்தித் தரும் ஆளைத்தான் தேடுகிறேன்.

இந்த இணைப்புத் தொல்லையே வேண்டாம் என்று முடிவெடுத்த மேசைதான் டைமண்ட் புரோ-ஆம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஜெஃபர்சன்வில்லில் உள்ள டைமண்ட் நிறுவனத்தின் இந்த மேசையில் கல் ஒரே துண்டு. இணைப்பு இல்லை, மெழுகு இல்லை, காலப்போக்கில் ஒரு துண்டு இறங்கி மற்றொன்று நிற்கும் கவலையும் இல்லை. கால்களைத் திருகி மட்டம் பிடித்துவிட்டால் பெரிதாக அசைவதில்லை. இதற்கு விலையாக நாம் சுமப்பது எடை. அந்த ஒற்றைக் கல் மட்டுமே 300 கிலோவை ஒட்டி வரும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மாடிக்கு ஏற்றும் வழியே கிடையாது. தரைத்தளத்தில், அகலமான வாசல் உள்ள கூடத்துக்கு இது மிகப் பொருத்தம். திருப்பமுள்ள குறுகிய படிக்கட்டைக் கடக்க வேண்டிய வீட்டுக்கு மேசையை வாங்கிய பிறகு அளந்து பயனில்லை. முன்பே டேப்போடு நின்று அளந்துவிட வேண்டும்.

புரோ-ஆமில் ஆடி முடித்து எழுந்திருக்கும்போது நம் மனத்தில் நிற்பது கல் அல்ல, பந்து விழும் மூலைப் பாக்கெட்டுகள். உலக பூல் சங்கத்தின் விதி மூலைப் பாக்கெட்டின் வாயை 4½ முதல் 4⅝ அங்குலம் வரை அனுமதிக்கிறது. டைமண்டின் போட்டி வெட்டு 4½ அங்குலம். ஒரு பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம் என்பதால், இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து வாயில் தள்ளிப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும்: இரு முனைகளையும் உரசிக்கொண்டு நின்றால் 4½, தாராளமாக உள்ளே போனால் அது கிளப் மேசை. ஆனால் வாயின் அகலம் பாதிக் கதைதான். வாய்க்கோட்டுக்கும் கல் வெட்டுப்பட்டுப் பந்து விழும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தை ஷெல்ஃப் என்பார்கள். விதி அதை 1 முதல் 2¼ அங்குலம் வரை விட்டுவைத்திருக்கிறது. டைமண்டில் இந்த ஷெல்ஃப் ஆழமானது. குஷனை ஒட்டி வேகமாக வரும் பந்து, பாக்கெட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் குஷனைச் சற்றே தொட்டுவிட்டால், இரு தாடைகளிலும் மாறி மாறி மோதி, விளிம்பில் வந்து நின்றுவிடும். அதே அடி, ஷெல்ஃப் குறைந்த 5 அங்குல வாய்க்குள் கேள்வி கேட்காமல் விழும். புதிதாக வருபவர்களுக்கு இது மனம் உடையச் செய்யும் அனுபவம். என்னைப் பொறுத்தவரை, மெதுவாக அடிக்க வேண்டிய இடத்தில் மெதுவாக அடிக்கக் கற்றுத் தந்தவை அந்தப் பாக்கெட்டுகள்தாம்.

டைமண்டின் பழைய மேசையை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு முத்திரை கொண்ட பழைய குஷன் கட்டைகளில், குஷனில் மோதித் திரும்பும் பந்து எதிர்பார்த்ததைவிடக் குறுகிய கோணத்தில் வருகிறது என்ற புகார் ஆட்டக்காரர்களிடையே நெடுநாள் இருந்தது. நீல முத்திரைக் கட்டைகள் வந்த பின்னரே அது சரியானது. 1999 முதல் நடந்துவரும் டெர்பி சிட்டி கிளாசிக், பந்தைக் குஷனில் மோதவைத்தே பாக்கெட்டில் போட வேண்டிய பாங்க் பூலுக்கென்றே தனிப் பிரிவு வைத்து, டைமண்ட் மேசைகளில் நடைபெறும் போட்டி என்பதை நினைத்தால், இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியமானது என்பது புரியும்.

அடுத்து பிரன்ஸ்விக் கோல்ட் கிரவுன். 1845-இல் தொடங்கிய பிரன்ஸ்விக் நிறுவனம் இந்த வரிசையை 1961-இல் அறிமுகப்படுத்தியது. இன்று ஆறாம் தலைமுறை விற்பனையில் உள்ளது. கல் மூன்று துண்டு. ஆகவே மேலே சொன்ன பொருத்துநரின் கைத்திறன் இங்கே முழுமையாகத் தேவைப்படுகிறது. ஆனால் அதே காரணத்தால் இதைப் பிரித்து எங்கும் கொண்டுபோகலாம், எந்தத் துண்டையும் தனியே சரிசெய்யலாம், அறுபது ஆண்டுகளாகப் புழங்கும் மேசை என்பதால் இதன் உள்ளும் புறமும் அறிந்த பொருத்துநர்கள் ஏராளம். நாற்பது ஆண்டு பழைய கோல்ட் கிரவுன் ஒன்றுக்குப் புது ரப்பரும் புதுத் துணியும் போட்டு ஆடிப் பார்த்தபோது, சட்டத்தில் ஓர் அசைவோ கிரீச்சென்ற ஒலியோ இல்லாததைக் கண்டு உண்மையிலேயே மரியாதை ஏற்பட்டது.

பழைய கோல்ட் கிரவுன்களின் குறை அவற்றின் தாராளமான மூலைப் பாக்கெட்டுகள். 5 அங்குலத்தை ஒட்டிய வாய், கிளப் வருமானத்துக்கு ஏற்றது, பயிற்சிக்கு ஏற்றதல்ல. இதைச் சுருக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. தாடையில் ஒட்டும் ரப்பர் பட்டைக்குப் பின்னால் கூடுதல் ஷிம்களை, அதாவது மெல்லிய பட்டைகளை, அடுக்குவது எளிய வழி, செலவும் குறைவு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுக்கிய ஷிம்கள் தாடையின் கோணத்தையும் மென்மையையும் மாற்றிவிடுவதால், சரியாக அடித்த பந்தையும் பாக்கெட் துப்பிவிடுகிறது. ஒரே அடிக்கு ஒரே விடை என்ற அடிப்படையே போய்விடுகிறது. குஷனுக்குப் பின்னுள்ள மரக்கட்டையை நீட்டி, கோணத்தைப் புதிதாக வெட்டி, ஒற்றைப் பட்டையால் முடிப்பதே நேரான வழி. விதிநூல் சொல்லும் மூலைக் கோணம் 142 பாகை, நடுப் பாக்கெட்டுக்கு 104 பாகை. இந்த எண்களைப் பொருத்துநரிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அவர் இந்த வேலையை முன்பு செய்திருக்கிறாரா என்பது உடனே தெரிந்துவிடும்.

குஷனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குஷன் மூக்கின் உயரம் பந்தின் விட்டத்தில் 62.5 முதல் 64.5 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 36 மி.மீ., இருக்க வேண்டும். அது தாழ்ந்தால் வேகமான பந்து மேலெழும்பிக் குதிக்கும். உயர்ந்தால் பந்தைக் கல்லோடு அழுத்தித் திரும்பும் வேகத்தைத் தின்றுவிடும். நல்ல மேசையில் ஒரு தலையிலிருந்து வலுவாக அடித்த பந்து நான்கிலிருந்து நான்கரை மேசை நீளம் ஓட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதைவிட முக்கியம், ஆறு குஷன்களும் ஒரே மாதிரி ஓட்டம் தருவது. மேசையைச் சுற்றி நடந்தபடி குஷன் கட்டையின் மேல் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், இறுகிய இடம் ஒரு குரலிலும், போல்ட் தளர்ந்த இடம் மந்தமான வேறொரு குரலிலும் பேசும். அந்த மந்தமான இடத்தில் அடித்த பாங்க் ஷாட் பாதி வழியில் சோர்ந்துவிடுவதை அடுத்த நிமிடமே காணலாம். பிரன்ஸ்விக்கின் சூப்பர்ஸ்பீட் ரப்பர், ஆர்டிமிஸ் கே-66 ரப்பர் ஆகிய இரண்டுமே ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருப்பவை. குறை பெரும்பாலும் ரப்பரில் இருப்பதில்லை, போல்ட்டில் இருக்கிறது.

ராசன் சீன நிறுவனம். அண்மை ஆண்டுகளில் தொலைக்காட்சியில் பன்னாட்டு ஒன்பது பந்துப் போட்டிகளைப் பார்ப்பவர்கள் இதன் மேசைகளை நன்கு அறிவார்கள். இதன் ஆக்ஸ் மாதிரியில் ஆடியபோது எனக்குப் பட்டது, இது டைமண்டைவிடச் சற்று மன்னிக்கும் குணமுள்ளது, ஆனால் ஏமாற்றாதது. தாடையில் உரசிய பந்து டைமண்டில் நிற்கும் சில நேரங்களில் இங்கே விழுகிறது. அதே சமயம், விழக்கூடாத பந்து விழுந்தது என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வாய் அளவைக் கேட்டு வாங்குவது நல்லது. தொழில்முறைப் போட்டிகளில் 4 அங்குலம் வரை இறுக்கிய பாக்கெட்டுகளும் வந்துவிட்டன. அவை உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டில் அதை வைத்து ஆடினால், நல்ல ஆட்டக்காரரும் தாக்குதலை மறந்து பாதுகாப்பு ஆட்டத்திலேயே ஒடுங்கிவிடுவார். ஓல்ஹாசன் நிறுவனத்தின் மேசைகள் வீட்டுக்கு அழகானவை, அவற்றின் அக்யூ-ஃபாஸ்ட் குஷன் துடிப்பானது. எனினும் போட்டிக்குத் தயாராகும் ஒருவர் போட்டியில் காணப்போகும் குஷன் அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் அதை இங்கே முதல் வரிசையில் வைக்கவில்லை.

துணியில் எனக்குத் தயக்கமே இல்லை: பெல்ஜியத்தின் சிமோனிஸ் 860. பத்தில் ஒன்பது பங்கு கம்பளி. மேலே பிசிறு இல்லாத நெசவு. 760 இதைவிட வேகமானது, கம்பளியும் அதில் குறைவு. புதுத் துணி போட்ட முதல் சில வாரங்களில் பந்து குஷனில் வழுக்கி அகலமாகத் திரும்பும். அந்த நாட்களில் மேசையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. பந்துகளுக்கு அராமித் நிறுவனத்துடையவை போதும்.

என் பணம், என் அறை என்று வந்தால், தரைத்தளமும் நல்ல வாசலும் இருக்குமானால் நீல முத்திரை டைமண்ட் புரோ-ஆம்தான். மாடி வீடு, இடம் மாறும் வாய்ப்பு, அல்லது பழைய மேசையை நல்ல விலைக்குப் பெறும் வழி இருந்தால் கோல்ட் கிரவுனை எடுத்து, பாக்கெட்டுகளைக் கட்டையோடு நீட்டிச் சுருக்கிக்கொள்வேன். போகும் போட்டிகள் ராசன் மேசைகளில் நடப்பவை என்றால், வேறு எதையும் யோசிக்காமல் அதையே வாங்கி, போட்டிக்குரிய வாய் அளவையே கேட்பேன். எதுவானாலும், பொருத்தும் நாளிலேயே பொருத்துநரிடம் ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து மட்டம் பார்ப்பதற்கான தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். அத்தனை எடையின் கீழ் தரையும் மரமும் மெல்ல அமர்ந்துகொண்டே இருக்கும். அன்று அவர் மட்டப்பலகையை எடுக்கும் முன்பே, நீங்கள் ஒரு பந்தை மெதுவாகக் குறுக்கே உருட்டி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டிவிடுங்கள்.