மூச்சோடு ஜெபம்: வடசென்னையில் நெடுநாள் பழகியதில் தெரிந்தவை

மூச்சுப் பயிற்சியை ஒரு வாரம் செய்துவிட்டுப் பாராட்டி எழுதுவது சுலபம். அதன் குணம் ஆரம்ப உற்சாகம் வடிந்த பிறகுதான் தெரியும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளிலும் ஜெபக்குழுக்களிலும் இதைப் பழகி வருகிறவர்கள் என்ற முறையில் எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விடுகிற மூச்சை நீட்டி, அதன்மேல் ஒரு சிறு வசனத்தை வைக்கிற முறைதான் வருடக்கணக்கில் நிற்கிறது. மற்ற முறைகள் பெரும்பாலும் பாதியில் உதிர்ந்துவிடுகின்றன, சில ஆபத்தாகவும் முடிகின்றன.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையிலோ, பாதம் தரையில் பதியும்படி நாற்காலியிலோ உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலேயும் இன்னொரு கையை நெஞ்சின் மேலும் வையுங்கள். வாயை மூடி மூக்கால் இழுக்கும்போது கீழ்க்கை முன்னே வர வேண்டும். மேல்கை ஏறக்குறைய அசையக் கூடாது. தோள் மேலே ஏறினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவான மூச்சு என்றதும் நிறைய காற்றை இழுப்பதுதான் பலரும் செய்கிற தவறு. அளவு சாதாரண மூச்சைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும்.

முதலில் மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுங்கள். சில நாள் கழித்து மூன்றுக்கு ஐந்து. அதுவும் சிரமமில்லாமல் வந்தால் நான்குக்கு ஆறு. எண்ணுக்கு ஒரு நொடி என்றால், இது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அதற்கும் கீழே இறக்கிப் போட்டி போட வேண்டியதில்லை. அடுத்த மூச்சுக்கு ஏங்கி வாய் தானாகத் திறக்கிறதா? விடுமூச்சு உங்களுக்கு அதிக நீளம். ஒரு எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று ஏறும், விடும்போது, துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வழியாகச் சற்று இறங்கும். விடுகிற நேரத்தை நீட்டச் சொல்வது இதனால்தான்.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இழுக்கும்போது குறுகிய பகுதி, விடும்போது நீண்ட பகுதி, இரண்டுமே மனதுக்குள். கிழக்குச் சபைகளின் இயேசு ஜெபத்தை முழுதாகத் தமிழில் வைத்துப் பார்த்தால் 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே' என்பதை முடிப்பதற்குள் நெஞ்சு நிரம்பிவிடும். விடுவதற்கு மிஞ்சும் 'பாவியாகிய என்மேல் இரங்கும்' குறுகியது என்பதால் மூச்சு சட்டென்று விழுந்துவிடும். எரிகோவின் குருடன் கூப்பிட்டது இன்னும் எளிது. ஆனால் 'இயேசுவே, தாவீதின் குமாரனே' என்று இழுத்து 'எனக்கு இரங்கும்' என்று விட்டால் அதே கோளாறு. 'இயேசுவே' என்று மட்டும் இழுங்கள். 'தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்' என்று விடுங்கள். சரியாக உட்காரும். சங்கீதம் 46:10-இல் 'அமர்ந்திருந்து' என்று இழுத்து 'நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்று விடலாம். சங்கீதம் 23 எல்லோருக்கும் பாடம். கத்தோலிக்கர் 'ஆண்டவரே என் ஆயர்', 'எனக்கேதும் குறையில்லை' என்று பிரித்துக்கொள்ளலாம். வசனத்தைத் தினம் மாற்றாதீர்கள். ஒரே வசனம் ஒரு மாதமாவது இருந்தால்தான், மனம் கலங்கிய நேரத்தில் தேடாமலேயே வரும்.

நேரம் பார்க்க போன் வேண்டாம். எடுத்தால் வாட்ஸ்அப்தான் முன்னே நிற்கும். பத்துப் பத்து மணிகளாக ஐந்து தொகுதி கொண்ட வழக்கமான ஜெபமாலையில் வால்பகுதியையும் சேர்த்து 59 மணிகள். மணிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு என்று போனால் ஏறக்குறைய பத்து நிமிடம். மணிமாலை வழக்கமில்லாதவர்கள் விரல்கணு எண்ணினால் போதும்.

ஜெபமாலைக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு ஆய்விலேயே வந்திருக்கிறது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் பார்த்ததை எழுதினார்கள். லத்தீனில் சொன்ன 'அருள் நிறைந்த மரியே' ஜெபமும் யோக மந்திரமும் ஒன்றுபோலவே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறக்கியிருந்தன. நம் அன்பியக் கூட்டங்களில் (பங்கின் அக்கம்பக்கத்துச் சிறு குழுக்கள்) அந்த நிதானம் தானாக வராது. ஒருவர் சொல்லும் முன்பாதி முடிவதற்குள் மற்றவர்களின் பின்பாதி தொடங்கிவிடுகிறது. முன்னே சொல்பவர் முடிக்கும்வரை காத்திருந்து, மூச்சை இழுத்து, பின்பாதியில் 'இறைவனின் தாயே' வந்ததும் இன்னொரு மூச்சு எடுத்துக்கொண்டால் திணறாது. ஒரே மூச்சில் ஆமென் வரை ஓடினால் கழுத்து நரம்புதான் புடைக்கும்.

நான்கு இழுத்து, ஏழு பிடித்து, எட்டு விடுகிற முறை தூக்கத்துக்கு நல்லது என்று பலர் தொடங்குவார்கள். சித்திரைப் புழுக்கத்தில் அந்த ஏழு எண்ணும் இம்சை. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பயத்தையே கிளப்பும். வாய் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கும் 'பிரெத்வொர்க்' வகுப்புகளை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. அப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை சுற்றும், அழுகை பொங்கும். கர்ப்பிணிகள், வலிப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இதை உபவாச ஜெபக் கூட்டங்களுக்காகவும் சொல்கிறோம். வெறும் வயிற்றில், உரத்த குரலில், இடைவிடாமல் ஜெபிக்கும்போதும் இதே மரத்துப்போதல் வரலாம். உடனே அதைத் தூய ஆவியின் அபிஷேகம் என்று பெயரிட்டுவிட வேண்டாம். வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-இல் வெளியிட்ட கடிதம் மூச்சின் தாளத்தோடு சேர்ந்த இயேசு ஜெபம் பலருக்கு உதவலாம் என்று ஏற்கிறது. உடலில் தோன்றும் இதமான உணர்வுகளைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வது தவறு என்றும் அதே கடிதம் எச்சரிக்கிறது. பெந்தெகொஸ்தே சபையாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

'இது யோகா ஆச்சே, பாஸ்டர் ஒத்துக்க மாட்டாரே' என்று கேட்பவர்கள் உண்டு. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லும் முறையைத் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆதியாகமத்தில் நாசியிலே ஊதப்பட்டது ஜீவசுவாசம். உயிர்த்த இயேசு சீஷர்கள்மேல் ஊதியதை யோவான் 20:22 சொல்கிறது. இங்கே மனதை வெறுமையாக்குவது இல்லை. வசனம் எப்போதும் இருக்கிறது. அப்படியும் நெருடினால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு சங்கீதத்தை வரிக்கு ஒரு மூச்சாக நிதானமாக வாசித்தால் உடலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதுவேதான்.

உடல் சுகத்தைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். படபடப்பு தணியும், தூக்கம் சீக்கிரம் வரும், கோபத்தில் வாய் திறப்பதற்கு முன் ஒரு இடைவெளி கிடைக்கும். ரத்த அழுத்தம் சிலருக்குச் சிறிதளவு இறங்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கட்டும். நெஞ்சு வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராமல் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்களும் உண்டு. பழைய அதிர்ச்சி உள்ளவர்களிடம் இது சகஜம். அவர்கள் கண்ணைத் திறந்து, ஜெபமாலை மணியையோ சிலுவையையோ பார்த்துக்கொண்டு, இரண்டு நிமிடம் மட்டும் செய்யட்டும். அதிலும் தவிப்பு வந்தால் விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

கடைசியாக நம் ஊர்க் காற்று. மொட்டை மாடியில் அதிகாலையில் செய்யுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். கொருக்குப்பேட்டையிலும் கொடுங்கையூரிலும் அந்த நேரத்தில்தான் குப்பைக் கிடங்குப் புகை தாழ்ந்து நிற்கும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரிப் புழுதி. பகலில் கடற்காற்று எழுந்த பிறகு, கடலோரத் தெருக்களில் சாயங்காலம் எவ்வளவோ தேவலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் பகுதிகளின் காற்றுத் தரக் குறியீட்டைப் (AQI) பார்க்கலாம். 100-ஐத் தாண்டினால் சன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் செய்யுங்கள். 200-ஐத் தாண்டிய நாளிலும், போகி அன்றும், அமோனியாவோ கேஸோ மூக்கில் ஏறும் இரவிலும் பயிற்சியை நிறுத்திவிட்டு இயல்பான மூச்சிலேயே ஜெபியுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை எண்ணூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நெடி அடித்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விட வேண்டும்.