52 வயசுல சர்ஃபிங், கோவளம் அனுபவம்

பொண்ணு தொல்லை தாங்காம தான் சர்ஃபிங் போனேன், அதாவது போர்டு மேல நின்னு அலைல சறுக்குறது, இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்டுக்காரர் வேற கிண்டல். சென்னை பக்கம் ஈசிஆர் கோவளத்துல மீனவ கிராமத்து பசங்க நடத்துற சின்ன சர்ஃபிங் ஸ்கூல், காலைல 6 மணி க்ளாஸ். மொதல்ல மணல்லயே போர்டு மேல குப்புற படுத்து, கைய ஊனி டக்குனு எழுந்து நிக்க பழக்குறாங்க, அப்புறம் தான் தண்ணி. புதுசா கத்துக்குறவங்களுக்கு நீளமான ஃபோம் போர்டு, கயிறு வச்சு கணுக்கால்ல மாட்டிடுவாங்க, விழுந்தாலும் போர்டு ஓடிப்போகாது. பதினஞ்சு தடவையாவது விழுந்திருப்பேன், மூக்கு வாயெல்லாம் உப்பு, ஆனா மாஸ்டர் தம்பி "அக்கா கீழ பாக்காதீங்க, கரைய பாருங்க"ன்னு கத்திக்கிட்டே இருந்தான், ஒரு தடவ கரைய பாத்தேன், நின்னுட்டேன்! மூணு செகண்டு இருக்கும். அதுக்கே குடுத்த காசு தகும்.

ட்ரெஸ் மாத்துற ரூம் தான் மோசம், ஒன்னே ஒன்னு, தாழ்ப்பாளும் சரியில்ல, பொண்ணு வெளிய காவல் நின்னா. முழுக்கை டீஷர்ட் போட்டுட்டு போங்க, இல்லன்னா போர்டு உரசி வயிறு முழங்கையெல்லாம் எரியும். நீச்சல் தெரியலன்னா முன்னாடியே சொல்லிடுங்க. ஐப்பசி கார்த்திகைல கடல் முரட்டுத்தனமா இருக்கும், அப்ப வேணாம்.

அடுத்த தடவ வீட்டுக்காரரையும் இழுத்துட்டு போறேன், அவர்கிட்ட இன்னும் சொல்லல.