நல்ல படம் ஒரு வட்டில், நல்ல ஒலி இன்னொரு வட்டில்

நண்பன் புது டிவி வாங்கியிருக்கிறான். சுவரில் மாட்டிய சூட்டோடு என்னை அழைத்துக் கேட்டான்: “அந்த சூப்பர்ஹீரோ படத்தின் 4கே வட்டு உன்னிடம் இருக்கிறதே, வாங்கலாமா?” ஒரு சொல்லில் முடிக்கக்கூடிய கேள்விதான். ஆனால் மூன்று ஆண்டுகளாக அந்த வட்டோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வருமா? அன்று முக்கால் மணி நேரம் பேசினேன். பாதி திட்டு, பாதி புகழ்ச்சி. எது எதற்கு என்று அவன் குழம்பிப் போனதால் எழுதியே தந்துவிடுகிறேன்.

படத்தின் பெயர் வேண்டாம். இறுகிய தாடையுடன் ஒரு நாயகன், வானத்தைப் பிளந்துகொண்டு வரும் ஓர் ஆபத்து, கடைசி அரை மணி நேரம் சரிந்து விழும் கட்டடங்கள். இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? முழுதாகப் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். துண்டு துண்டாகப் பார்த்ததற்குக் கணக்கில்லை. வயரை மாற்றினாலும் சரி, ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினாலும் சரி, சோதித்துப் பார்க்க இதைத்தான் போடுகிறேன். இத்தனை திட்டும் ஒரு வட்டை ஏன் இத்தனை முறை போடுகிறாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

காட்சியில் தொடங்குகிறேன். அங்கே கோபத்துக்கு வேலையில்லை.

இருபதாவது நிமிடத்தை ஒட்டி ஒரு மழை இரவு வருகிறது. உயரமான கட்டடத்தின் கூரையில் நாயகன் தனியாக நிற்கிறான். கூரையின் கோடியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அது எரியும்போதெல்லாம் அவன் மார்புக் கவசத்தில் உள்ள ஒரு கீறலின் விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு ஏறி இறங்குகிறது. கவசம் கருப்பு, பின்னால் வானம் கருப்பு, நடுவில் மழை. மூன்றும் வேறு வேறு கருப்பாகத் தெரிகின்றன. இதே படத்தை ஓடிடியில் நான்கு முறை பார்த்தவன் நான். அந்தக் கீறல் இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே கவசமும் வானமும் சேர்ந்து ஒரே கரும்பலகையாகக் கிடந்தன. விளக்கைச் சுற்றியிருந்த பனிப்படலம் படிக்கட்டுபோல் வளையம் வளையமாக உடைந்திருந்தது.

காரணம் எளியது. 4கே வட்டிலிருந்து வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல்கூடத் தகவல் வரலாம். ஓடிடியில் பெரும்பாலும் 15 முதல் 25 வரைதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. புகை, மழை, இருட்டு என்று வந்தால் சுருக்கும் மென்பொருள் முதலில் கைவைப்பது அங்கேதான். சூப்பர்ஹீரோ படங்களிலோ புகையும் மழையும் இருட்டும்தான் பாதிப் படம்.

இதில் ஒரு சின்ன ஏமாற்றும் உண்டு. அட்டையில் 4கே என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், இந்த வகைப் படங்களில் பலவற்றை 2கே அளவில்தான் முடித்திருக்கிறார்கள். கணினி வரைகலைக் காட்சிகளை 4கேயில் உருவாக்கினால் நேரமும் செலவும் பல மடங்கு கூடும் என்பதால் 2048 புள்ளி அகலத்தில் செய்து, கடைசியில் 3840க்கு நீட்டிவிடுகிறார்கள். அகலத்திரைப் படம் என்றால் உண்மையில் இருப்பது சுமார் 17.5 லட்சம் புள்ளிகள். வட்டில் அது 61 லட்சமாகப் பரவிக் கிடக்கும். நீட்டிய ரப்பர்தான். ஆனால் மேலே சொன்ன கீறல் தெரிவதற்கும் புள்ளிக் கணக்குக்கும் அதிகத் தொடர்பில்லை. அது எச்டிஆரின் வேலை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கூடுதல் இடம் தரும் முறை. பழைய முறையில் வெளிச்சத்தின் உச்சத்தை 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வைத்துத்தான் வண்ணத்தைச் சரிசெய்வார்கள். இப்போது 1000, சில படங்களில் 4000 நிட்ஸ்வரை வைத்துச் செய்கிறார்கள். விளக்கு விளக்காக எரிகிறது, இருட்டு இருட்டாகவே இருக்கிறது. ஆகவே நண்பனே, புள்ளியை எண்ணாதே, கருப்பைப் பார். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை இன்றே அணைத்துவிடு. வினாடிக்கு 24 சட்டங்களாக (அசையாப் படங்களாக) எடுத்த படம் அந்த வசதியால் தொலைக்காட்சித் தொடராகிவிடும்.

காட்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தருவேன். ஒலிக்கு வருகிறேன்.

ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் என் ரிசீவரில் ஒலி அளவு மைனஸ் கணக்கில் காட்டும். பூஜ்யம் என்றால் திரையரங்க அளவு. வழக்கமாக நான் படம் பார்ப்பது மைனஸ் 25இல். இந்த வட்டுக்கு மைனஸ் 13 வைத்தால்தான் மற்ற வட்டுகளின் அளவுக்கு வருகிறது. பன்னிரண்டு டெசிபல் கூடுதல். பத்து டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும், பன்னிரண்டுக்குப் பதினாறு மடங்கு. என் ரிசீவரின் மூடிமேல் கைவைத்தால் தோசைக்கல் நினைவுக்கு வருகிறது.

சரி, ஏற்றிவிட்டோம், முடிந்ததா? இல்லை. சத்தம்தான் கூடுகிறது, கனம் வரவில்லை. ஐம்பது மாடிக் கட்டடம் ஒன்று நடுவில் ஒடிந்து தெருவில் விழுகிறது. அடி அதிர்வுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தேன். சட்டைப்பையில் கைபேசி அதிருமே, அந்த அளவுக்கு ஒரு நடுக்கம் வந்து போனது. பொய்யில்லை. மூன்று முறை பின்னுக்கு ஓட்டிச் சோதித்தேன்.

சப்வூஃபர் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில் ‘தி டார்க் நைட்’ வட்டைப் போட்டேன். 2008இல் வந்த படம். ஐமாக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் வரும்போது கருப்புப் பட்டைகள் விலகித் திரை நிறையும், அது தனிச் சுகம். ஒலியில் அட்மாஸ் (தலைக்குமேலிருந்தும் சத்தம் வரும் முறை) கிடையாது, வெறும் 5.1, அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அதில் லாரியைத் துரத்தும் நீண்ட காட்சியின் பெரும்பகுதியில் பின்னணி இசையே இல்லை. என்ஜின், டயர், உலோகம், அவ்வளவுதான். சிகாகோ தெருவில் நிஜமாகவே ஒரு லாரியைத் தலைகீழாகப் புரட்டி எடுத்த காட்சி அது. லாரி எழும்போது ஒரு கணம் எல்லாம் அடங்கி, பிறகு தரையில் அறையும் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா, “என்னடா விழுந்தது?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். அந்தப் படத்தின் ஒலித் தொகுப்புக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். அம்மாவைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். என் சப்வூஃபர் நலமாகத்தான் இருக்கிறது.

அட்மாஸ் சங்கதி இதைவிட வேடிக்கை. நண்பன் கேட்ட அந்த ஒரு படத்தை மனதில் வைத்துத்தான் கூரையில் இரண்டு ஸ்பீக்கர்கள் பொருத்தினேன். பறக்கிற நாயகன், தலைக்குமேல் சத்தம் பறக்க வேண்டாமா? முதல் பறத்தலில் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசிச் சண்டையின்போது முக்காலிமேல் ஏறி, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெகு தூரத்தில் யாரோ வயலின் வாசிப்பதுபோல் இசை கசிந்தது. நாயகன் கீழே, திரையில், தரையோடு தரையாகச் சீறிக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். திரையரங்கில் ஒவ்வொரு திரை ஸ்பீக்கரும் 85 டெசிபலில் ஒலிக்கும்படி அளவு வைத்து, உச்சத்துக்கு அதற்குமேலும் இருபது டெசிபல் இடம் விட்டுத்தான் ஒலியைக் கலக்கிறார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் வெடிச்சத்தத்தில் குழந்தை அழும், வசனம் காதில் விழாது, ரிமோட்டைக் கையைவிட்டு இறக்க முடியாது. அதனால் வீட்டுக்கென்று தனியாக, சிறிய அறையில், குறைந்த சத்தத்தில் உட்கார்ந்து ஒருமுறை மறுபடி கலக்கிறார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரிலோ அதன் கீழே வைக்கும் சவுண்ட்பாரிலோ கேட்கிறவர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை. அவர்களுக்கு இந்த வட்டு வசதியானது. வசனம் தெளிவு, வெடி அடக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவில் அடக்கி வாசிக்க வேண்டுமென்றால் அதற்கென்றே என் ரிசீவரில் ஒரு பொத்தான் இருக்கிறது. பெரிய சத்தத்தைச் சின்னதாக்கப் பொத்தான் உண்டு. வட்டிலிருந்தே பிடுங்கிவிட்ட சத்தத்தைத் திருப்பித் தர எந்தப் பொத்தானும் கிடையாது. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

மருந்தும் போட்டுப் பார்த்தேன். சப்வூஃபரை ஐந்து டெசிபல் ஏற்றினேன். கட்டடம் விழுந்தால் ஏதோ விழுந்தது என்று தெரியும் அளவுக்கு வந்தது. திருப்தியாகத் தூங்கப் போனேன், அமைப்பைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் மாலை வேறொரு படத்தைப் போட்டபோது முதல் இடியிலேயே அலமாரியின் மேல்தட்டில் இருந்த கடிகாரம் நடந்து நடந்து விளிம்புவரை வந்து நின்றது. அன்றிலிருந்து ரிசீவரின் முகத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறேன்: “அந்தப் படம் பார்த்தால் குறைக்கவும்.”

இனிமேல்தான் என் உண்மையான வயிற்றெரிச்சல்.

பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருக்கின்றன. ஒன்று 4கே, மற்றொன்று சாதாரண ப்ளூ-ரே. இரண்டாவதை இரண்டு ஆண்டுகளாக நான் தொட்டதே இல்லை. போன ஆண்டு 4கே பிளேயரின் லென்ஸ் பழுதாகிச் சரிசெய்யக் கொடுத்திருந்தபோது, பரணில் கிடந்த பழைய பிளேயரை இறக்கி, வேறு வழியில்லாமல் இந்தச் சாதாரண வட்டைப் போட்டேன். காட்சி வெளிறிக் கிடந்தது, மழை இரவு சாம்பல் பூத்திருந்தது, கீறலைக் காணோம். ஆனால் கட்டடம் விழுந்தது. அதாவது, நிஜமாகவே விழுந்தது! ‘தி டார்க் நைட்’ அளவுக்கு இல்லை. ஆனாலும் சோபாவின் கைப்பிடியில் அதிர்வு தெரிந்தது. இந்த வட்டில் இருப்பது அட்மாஸ் அல்ல, பழைய 7.1 ஒலித்தடம். ஒரே படம், ஒரே பெட்டி. நல்ல காட்சி ஒரு வட்டில், அதைவிட நல்ல ஒலி இன்னொரு வட்டில். இதை யார் முடிவு செய்தார்கள், எந்த மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தால் நல்லது.

பழுது பார்த்த பிளேயர் வீட்டுக்கு வந்த அன்று நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். 4கே பிளேயரை நேராக டிவியில் இணைத்து டிவியின் ஒலியை அடைத்தேன். பழைய பிளேயரை ரிசீவரில் இணைத்தேன். இரண்டு வட்டுகளையும் முதல் காட்சியின் தொடக்கத்தில் நிறுத்தி, கைக்கொரு ரிமோட்டாகப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். முதல் முறை உதடு முன்னே, வசனம் பின்னே. இரண்டாவது முறை வசனம் முன்னே. ஏழாவது முறை கச்சிதமாகப் பொருந்தியது. மழை இரவில் கீறலும் தெரிந்தது, இடியும் இடித்தது. மூன்று ஆண்டுகளில் அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்தது அந்த நாற்பது நிமிடங்கள்தான் என்று சொல்வேன். பிறகு எங்கேயோ ஒரு வட்டு கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது. மூன்று சட்டம் விலகியிருக்கும், அதாவது வினாடியில் எட்டில் ஒரு பங்கு. நாயகி வாயை மூடிய பிறகு “போகாதே” என்றாள். அணைத்துவிட்டேன்.

மெனு, கூடுதல் காட்சிகள், தாண்டவே முடியாத எச்சரிக்கைப் பக்கங்கள் பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வட்டிலும் இருக்கிற கண்றாவிதான்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. காட்சி நான் பார்த்தவற்றில் தலைசிறந்தது, நீ வாங்கியிருக்கிற டிவிக்கென்றே செய்ததுபோல் இருக்கும், இருந்தாலும் வாங்காதே. இந்தக் காசை இவர்களுக்குக் கொடுத்தால் அடுத்த படத்தையும் இப்படித்தான் செய்வார்கள்.

இதைத் தொலைபேசியில் சொன்னதும் அவன் சற்று யோசித்து, “அப்படியானால் உன்னுடையதை ஒரு வாரம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேண்டுமானால் வீட்டுக்கு வரட்டும். இரண்டாவது ரிமோட்டைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது.