குரூப்பும் பேசல, புரொஃபசரும் கண்டுக்கல: தனியா செய்யறதா, புகாரா, பங்கு பிரிக்கறதா?

ஆன்லைன் எம்பிஏ படிக்கறவங்ககிட்ட எது கஷ்டம்னு கேட்டுப் பாருங்க, ஃபைனான்ஸ்னோ ஸ்டாட்ஸ்னோ சொல்ல மாட்டாங்க, குரூப் பிராஜெக்ட்னுதான் சொல்லுவாங்க. அஞ்சு பேர போர்ட்டலே சேத்து விட்டுரும், வாட்சப் குரூப் ஆரம்பிச்ச அன்னிக்கு எல்லாரும் தம்ஸ் அப் போடுவாங்க, அதோட சரி. சார்கிட்ட சொன்னா 'ப்ளீஸ் ரிசால்வ் வித்தின் த குரூப்'னு ஒத்த வரியில பதில் வரும், அதுவும் நாம கேட்டதையே மறந்த பிறகு. எனக்கு போன செமஸ்டர் சப்ளை செயின் பேப்பர்ல இதே கதைதான். திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட்ல நூல்ல ஆரம்பிச்சு தூத்துக்குடி போர்ட் வரைக்கும் சரக்கு எப்படி நகருதுன்னு ரிப்போர்ட் எழுதணும். ரொம்ப நல்ல டாபிக், ஆனா எழுதத்தான் ஆள் இல்ல.

இந்த நெலமையில நம்ம முன்னாடி இருக்கறது மூணு வழி. வாய மூடிட்டு மொத்தத்தையும் நாமளே செஞ்சு எல்லார் பேரையும் போட்டு அனுப்பறது, மேல மேல புகார் கொடுத்துட்டே போறது, இல்லன்னா வேலைய பேர் போட்டு பங்கு பிரிச்சு யாரு என்ன செஞ்சாங்கன்னு பதிவு இருக்கற மாதிரி வெச்சு நம்ம பங்க முழுசா முடிக்கறது. நாலாவதா பேப்பரையே விட்டுரலாம்னும் சிலர் சொல்றாங்க, அதுக்கு ஒரு கணக்கு மட்டும் பாருங்க. ஆன்லைன் டிகிரிக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020ல போட்ட ரெகுலேஷன்படி இன்டர்னல் மார்க் அதிகபட்சம் 30 சதவீதம்தான், மிச்ச 70 செமஸ்டர் எக்ஸாம். அந்த முப்பதுலயும் குரூப் பிராஜெக்ட் ஒரு துண்டுதான். அதுக்காக பேப்பர விட்டுட்டு திரும்ப ஃபீஸ் கட்டறது எனக்கு சரியா படல.

மொத தனியா செய்யற வழி. இதோட நல்லது எல்லாருக்கும் தெரியும், நிம்மதி, யாரையும் கெஞ்ச வேணாம், தரம் நம்ம கையில. ரெண்டு நாள் லீவு போட்டா வேலை முடிஞ்சிரும். கெட்டது ரெண்டு இருக்கு, அத பலபேர் முன்னாடியே யோசிக்கறதில்ல. ஒண்ணு, நிறைய இடத்துல அந்த செமஸ்டர் முழுக்க அதே குரூப்தான், ஒரு பேப்பருக்கு செஞ்சு கொடுத்துட்டோம்னா மிச்ச பேப்பருக்கும் நாமதான் கான்ட்ராக்டர், கூலி மட்டும் கிடையாது. ரெண்டாவது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஜூம்ல சார் திடீர்னு 'இந்த சாயம் போடற டயிங் யூனிட்ல சரக்கு முடிய ஆகற லீட் டைம் யார் எழுதினது, நீங்க சொல்லுங்க'ன்னு அந்த அமைதியான ஆள பாத்து கேப்பாரு, அவரு மைக்க ஆன் பண்ணி 'சார்... வாய்ஸ் பிரேக் ஆகுது'ம்பாரு, மார்க் எல்லாருக்கும் சேத்து போகும். ஆனா குரூப் மார்க் ரொம்ப சின்னது, வைவாவும் இல்ல, டைமும் இல்லன்னா தனியா செஞ்சு தள்ளிட்டு போறதுல தப்பே இல்ல, இத மானப் பிரச்சனையா ஆக்க வேணாம்.

அடுத்து புகார். காகிதத்துல இது ரொம்ப பலமா இருக்கும். யுஜிசி 2023ல மாணவர் குறைதீர்ப்புக்குன்னே தனி ரெகுலேஷன் போட்டிருக்கு, ஒவ்வொரு காலேஜ்லயும் குறைதீர் கமிட்டி இருக்கணும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள கமிட்டி ரிப்போர்ட் கொடுக்கணும், அதுலயும் திருப்தி இல்லன்னா ஓம்பட்ஸ்பர்சன்னு இருக்கற குறைதீர் அதிகாரிகிட்ட அப்பீல் போகலாம். யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்லயும் புகார் பதியலாம். எல்லாம் சரி, ஆனா நம்ம பிராஜெக்ட் டெட்லைன் அந்த 15 வேலை நாளுக்கு காத்திருக்காது, சனி ஞாயிறு கழிச்சு பாத்தா அதுவே மூணு வாரம். அதுவுமில்லாம மறுமதிப்பீடு கேட்டு வர்ற அப்பீல ஓம்பட்ஸ்பர்சன் சாதாரணமா எடுக்க மாட்டாரு, ரிசல்ட்டையே பாதிக்கற மாதிரி முறைகேடோ பாரபட்சமோ குறிப்பா காட்டினாதான் எடுப்பாரு. 'என் குரூப்ல ரெண்டு பேர் வேலையே செய்யல, சார் ரிப்ளை பண்ணல'ங்கறது அந்த லெவலுக்கு போறது கஷ்டம். நான் கமிட்டி வரைக்கும் போனதில்ல, அதனால இதுல என் பேச்ச ரொம்ப வெயிட்டா எடுத்துக்காதீங்க. போர்ட்டல்ல மார்க்கே ஏறல, பேரையே விட்டுட்டாங்க மாதிரி விஷயம்னா இந்த வழிதான் வழி.

புகார்ல நான் போனது கோர்ஸ் மென்டர் வரைக்கும். ஆன்லைன் கோர்ஸ்ல பாடம் எடுக்கறவரு மட்டும் கிடையாது, கோர்ஸ் கோஆர்டினேட்டர், மென்டர்னு தனி ஆளுங்க உண்டு. லெக்சர்ல முகம் தெரியறது சார் மட்டும்தாங்கறதால நாம எல்லாத்தையும் அவருக்கே அனுப்பிட்டு இருக்கோம். மென்டருக்கு மெயில் போட்டேன், பதில் வந்துச்சு, பதில்ல ஒரே ஒரு கேள்வி: 'யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?'

என்னோட ஓட்டு ஏன் மூணாவது வழிக்குன்னா இந்த ஒரு கேள்விதான் காரணம். மார்க் பிரிக்கணும்னாலும் சரி, தனியா சப்மிட் பண்ண அனுமதி வேணும்னாலும் சரி, நாளைக்கு கமிட்டிக்கே போனாலும் சரி, சண்டை வர்றதுக்கு முன்னாடியே தானா உருவான பதிவு இருந்தா நிக்கும். பிரச்சனை வந்த பிறகு உக்காந்து தேடி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு யாரும் மதிப்பு கொடுக்கறதில்ல.

எப்படின்னா, ஆளுக்கு ஒரு வேர்ட் ஃபைல்ல எழுதி கடைசியா சேக்கலாம்ங்கற யோசனைய மொத நாளே விட்டுருங்க. ஒரே கூகுள் டாக், எல்லாருக்கும் எடிட்டர் அனுமதி, உள்ள தலைப்பு தலைப்பா போட்டு ஒவ்வொரு தலைப்புக்கு நேரா ஒரு பேர். நூல் கொள்முதல் ஒருத்தர், நிட்டிங் டயிங் ஒருத்தர், வேர்ஹவுஸ் ஒருத்தர், இப்படி. ஃபைல் மெனுல வெர்ஷன் ஹிஸ்டரின்னு இருக்கும், அத திறந்தா யாரு எந்த தேதி எத்தன மணிக்கு எந்த வரிய போட்டாங்கன்னு ஆளுக்கு ஒரு கலர்ல காட்டும். எழுதாத ஆளுக்கு கலரே இருக்காது, நாம வாய தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். இதுல மூணு நாலு விஷயம் கவனிக்கணும். பழைய வெர்ஷன்கள கூகுள் சில சமயம் ஒண்ணா சேத்துரும், அதனால வாரக் கடைசில வெர்ஷனுக்கு ஒரு பேர் கொடுத்து வெச்சிருங்க, 'வாரம் 2 முடிவு'ன்னு போட்டா போதும். 'மேக் எ காப்பி' போட்டு புது ஃபைல் எடுத்தா ஹிஸ்டரி கூட வராது, பிடிஎஃப் ஆக்கினாலும் போயிரும், ஒரிஜினல் லிங்க் உயிரோட இருக்கணும். ஹிஸ்டரிய பாக்க எடிட் அனுமதி வேணும், வியூ லிங்க் மட்டும் அனுப்பினா மென்டருக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் யாராவது தன் பகுதிய உங்களுக்கு வாட்சப்ல அனுப்பி 'நீங்களே போட்டுருங்க ப்ரோ'ன்னா போடாதீங்க, உங்க கலர்ல ஏறிடும், அவரையே ஒட்டச் சொல்லுங்க, அது அவருக்கும் நல்லது.

பேர் போடறதுல எவ்ளோ இருக்குங்கறதுக்கு பழைய ஆராய்ச்சியே இருக்கு. ரிங்கல்மன்னு ஒரு பிரெஞ்சு விவசாய இன்ஜினியர், ஆளுங்கள கயிறு இழுக்க விட்டு அளந்து 1913ல எழுதினாரு, ஆள் கூடக் கூட தலைக்கு இழுக்கற பலம் குறைஞ்சுட்டே போச்சு. நம்ம ஊர் தேர் வடத்த சும்மா தொட்டுக்கிட்டே நாலு வீதியும் சுத்தி வர்ற மாமாக்கள் மாதிரிதான். அப்புறம் 1979ல அமெரிக்காவுல லட்டானேங்கற மனவியல் ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் கைதட்டவும் கத்தவும் விட்டு பாத்து அதையே சொன்னாங்க, 1981ல அவங்களே இன்னொரு சோதனையில, ஒவ்வொருத்தர் சத்தமும் தனியா அளக்கப்படுதுன்னு தெரிஞ்சா இந்த ஏமாத்து நின்னு போகுதுன்னும் காட்டினாங்க. அதனால 'கைஸ், யாராவது வேர்ஹவுஸ் பார்ட் பாத்துக்கறீங்களா'ன்னு குரூப்ல போடறது வேலைக்கு ஆகாது. எங்க குரூப்ல மதுரையில ஒரு பேங்க்ல வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களுக்கு நேரா போட்டேன்: 'அக்கா, வேர்ஹவுஸ் பகுதி உங்க பேர்ல இருக்கு, புதன் நைட்டுக்குள்ள ரெண்டு பாராவாவது போட முடியுமா? ஆடிட் டைம்னா சொல்லுங்கக்கா, வேற பகுதிக்கு மாத்திக்கலாம்.' அன்னிக்கே பதில் வந்துச்சு, மாமியாருக்கு ஆபரேஷனாம், ரெஃபரன்ஸ் வேலைய எடுத்துக்கறேன்னாங்க, எடுத்து ஒழுங்கா முடிச்சும் கொடுத்தாங்க. பேசாதவங்க எல்லாரும் சோம்பேறி இல்ல, ஆனா பொதுவா கேட்டா எவனும் வாய தொறக்க மாட்டான், நானும்தான்.

பாத்தாங்களா இல்லையான்னு சந்தேகம் இருந்தா வாட்சப்ல நம்ம மெசேஜ அழுத்திப் பிடிச்சு இன்ஃபோ பாருங்க, யார் யார் படிச்சாங்கன்னு லிஸ்ட் வரும், ப்ளூ டிக்க ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் குரூப்புக்கு அது செல்லாது. ஆனா முடிவ எல்லாம் வாட்சப்ல மட்டும் வெக்காதீங்க, அனுப்பின மெசேஜ 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், அழிக்கவும் செய்யலாம், பேசினதோட சுருக்கத்த டாக்லயே மேல ஒரு வரி எழுதி வெச்சா போதும்.

சார் விஷயத்துக்கும் இதே பதிவுதான் மருந்து. 'சார் ப்ளீஸ் ஹெல்ப்'னு போட்டா அவரு யோசிச்சு ஒரு முடிவு எடுக்கணும், அதுக்கு அவருக்கு மனசும் இல்ல நேரமும் இல்ல. நாமளே முடிவெடுத்து, மறுப்பு இருந்தா சொல்லுங்கன்னு கேக்கணும். நான் எல்எம்எஸ்ல, அதாவது பாடம் நடக்கற கோர்ஸ் சைட்ல, டிஸ்கஷன் பக்கத்துல போட்டது ஏறக்குறைய இது: 'சார், எங்க குரூப்போட பங்கு விவரமும் டாக் லிங்கும் கீழ இருக்கு. கடைசி பக்கத்துல யார் எந்த பகுதி எழுதினாங்கன்னு ஒரு பட்டியல் சேக்கறோம், எழுதப்படாத பகுதிய அப்படின்னே குறிப்பிடறோம். வேற மாதிரி வேணும்னா வெள்ளிக்குள்ள சொல்லுங்க.' பதில் வரல, வராதுன்னு தெரியும். ஆனா மெயில் மாதிரி ரெண்டு பேருக்குள்ள முடங்காம பேட்ச் முழுக்க பாக்கற இடத்துல தேதியோட கிடக்குதே, அது போதும். அதே லிங்க மென்டருக்கும் அனுப்பினேன்.

பலன் என்னன்னா, அந்த பதிவு போட்ட பிறகு துபாய்ல நைட் ஷிஃப்ட் பாக்கற அண்ணன் ஒருத்தரு டாக்குக்குள்ள வந்து ஷிப்பிங் பகுதிய எழுதிட்டாரு, சுமாராதான் இருந்துச்சு, ஆனா அவரோடது. ஒருத்தர் கடைசி வரைக்கும் வரவே இல்ல, அவர் பகுதி காலியாவே போச்சு. அதனால எங்க மார்க் ஏறுச்சான்னு கேட்டா பிரிச்சு சொல்ல முடியாது, போர்ட்டல்ல மொத்த இன்டர்னல்தான் காட்டும். சில இடத்துல ஒரு பகுதி காலியா இருந்தாலே எல்லாருக்கும் வெட்டுவாங்க, அங்க அந்த பகுதிய நீங்களே எழுதிட்டு பட்டியல்ல உங்க பேர போட்டுக்கறதுதான் பாதுகாப்பு. அஞ்சாறு பேர் குரூப்புக்குத்தான் இத பாத்திருக்கேன், பத்து பன்னெண்டு பேர ஒண்ணா போட்டா எப்படி போகும்னு எனக்கு அனுபவம் இல்ல.

கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வராத ஆளு குரூப்ல எழுந்தாரு, 'ப்ரோ, ஃப்ரன்ட் பேஜ்ல என் ரோல் நம்பர் கரெக்ட்டா போட்டுருங்க'ன்னு. போட்டேன், முன் பக்கத்துல அவர் பேரும் ரோல் நம்பரும் ஒரு எழுத்து பிசகாம இருந்துச்சு. கடைசி பக்கப் பட்டியல்ல அவர் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டு அந்த பக்கத்தையும் குரூப்லயே அனுப்பிட்டு, சப்மிட் பட்டன அழுத்திட்டேன்.