எட்டரை அடி டெக்-ஓவர் டிரெய்லர்: 4 அடி கட்டுக்குச் சரி, 5 அடி கட்டுக்கு வீண்

டிரெய்லருக்குக் காசு கொடுக்கும் முன், காய்ந்த புல்லைக் கட்டாக உருட்டும் பேலர் எந்திரத்தின் அறை அகலத்தை அளந்துவிடுங்கள்; கட்டின் அகலம் அதுதான். அமெரிக்காவில் காய்ந்த புல் ஏற்ற வாங்கும் கூஸ்நெக் டெக்-ஓவர் (பிக்கப் வண்டியின் பின்தட்டில் மாட்டும், சக்கரங்களுக்கு மேலே தட்டு விரியும் டிரெய்லர்) பெரும்பாலும் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி அகலம். 1982-ன் கூட்டாட்சிச் சட்டம் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு வைத்த அகலமும் இதுவே. ஆக, தட்டே சட்டத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. சரக்கு பிதுங்க இடமில்லை. சின்ன சாலைகளில் 96 அங்குலத்தோடு நிறுத்திவிடும் மாநிலங்களும் உண்டு.

4 அடி அகலம், 5 அடி விட்டமுள்ள உருளைக் கட்டுக்கு இந்த வண்டி கச்சிதம். தட்டையான முகங்கள் சாலையின் இரு ஓரங்களைப் பார்க்கும்படி, குறுக்கே இரண்டிரண்டாக வையுங்கள். அகலம் 8 அடி. பக்கத்துக்கு 3 அங்குலம் மிச்சம். மழையில் கிடந்து சப்பையான கட்டு என்றாலும் கவலையில்லை, சப்பை முன்பின்னாகத்தான் நீளும். அதே கட்டின் முகத்தை முன்னும் பின்னும் திருப்பி வைத்தால் 5 அடி விட்டம் இரண்டு சேர்ந்து 10 அடி. சப்பையானால் இன்னும் கூடும். 5 அடி அகலக் கட்டை எப்படித் திருப்பினாலும் ஜோடி 10 அடிதான். அதற்கு மாநில அனுமதிச்சீட்டோ விதிவிலக்கோ வேண்டும். இல்லையென்றால் ஒற்றை வரிசை. ஒற்றை வரிசைக்கு எதற்கு இத்தனை பெரிய டிரெய்லர்?

உயரம் இடிக்காது. இரண்டாம் அடுக்கு கீழ்க் கட்டுகளின் பள்ளத்தில் உட்காருவதால் மொத்தம் ஒன்பதே கால் அடிக்குச் சற்று மேல்; 3 அடி தட்டோடு பன்னிரண்டரைக்குள் அடங்கும். பல மாநிலங்களின் வரம்பு பதின்மூன்றரை. முதலில் இடிப்பது எடைதான். 30 அடித் தட்டில் கீழே 12, மேலே 10 கட்டு கொள்ளும். ஆனால் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து அனுமதித்த மொத்த எடை 24,000 பவுண்ட், வெற்று எடை 8,000 என்றால் மிச்சம் 16,000. கட்டுக்கு 800 பவுண்ட் வைத்தால் 20-தான். மேல் அடுக்கில் ஒரு வரிசையை விட்டுவிடுங்கள்.

சரக்கை இறுக்கிக் கட்டும் 2 அங்குல ராட்செட் பட்டை பாதுகாப்பாகத் தாங்கும் சுமை 3,333 பவுண்ட். சரக்கெடையில் பாதியைப் பட்டைகள் தாங்க வேண்டும் என்ற கணக்குக்கு மூன்று போதும், ஆனால் மூன்றை நம்பி ஓட்டாதீர்கள். மேல் அடுக்கின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று போடுங்கள். புல் அமுங்க அமுங்கப் பட்டை தளரும். முதல் 50 மைலுக்குள் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது விதி. பத்தாவது மைலிலேயே இறங்கி இழுத்துவிடுவது நல்லது. ராட்செட்டை ரப் ரெயிலுக்கு (தட்டின் ஓரத்தைக் காக்கும் இரும்புச் சட்டம்) உள்பக்கமாக மாட்டுங்கள், வெளியே தொங்கவிடாதீர்கள்.

பின்பக்கம் சரியும் டவ்டெயில் மாடல் புல்லுக்கு நஷ்டம்: கடைசி 5 அடியில் ஒரு வரிசையே போகும். டிராக்டர், மோவர் (புல்வெட்டி) ஏற்றுவதானால் அதுதான் வசதி. ஒன்றைக் கவனியுங்கள். வயலுக்கு வயல் டிராக்டர் இழுத்துப்போகும் கருவிக்குப் பல மாநிலங்கள் அகலச் சலுகை தருகின்றன. அதையே டிரெய்லரில் ஏற்றினால் சரக்காகிவிடும், சலுகை கூடவே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கவாட்டில் 4 அங்குலத்துக்கு மேல் நீட்டினால் 18 அங்குலச் சதுரத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு ஒளிர்கொடி கட்ட வேண்டும். கொடி கட்டியதாலேயே அகலம் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடாது, அனுமதிச்சீட்டு தனி.