கறுப்புத் தண்ணீரும் ஒரு விரிசலும்: பழைய வார்ப்பிரும்புக் கொப்பரையோடு நாலு வருஷம்

போன வாரம்தான் கொப்பரைக்கு இரண்டாவது தடவை வெல்டிங் வைத்தேன். அன்றைக்கே தோழி ஒருத்தி, "எனக்கும் அந்த மாதிரி ஒன்று வேணும், அல்லி வைக்க" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

என் கொப்பரை வாய் 75 சென்டிமீட்டர், நடு ஆழம் 35. ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். இரும்பே ஐம்பது கிலோ வரும். உள்ளே ஒரு குட்டை ரக அல்லி, கொசுப்புழுவைத் தின்னக் கொஞ்சம் கப்பி மீன். மண், உரம் எல்லாம் மற்ற தொட்டிகளுக்குப் போல்தான்.

பேச வேண்டியது விரிசலைப் பற்றி. வாங்கும்போது தட்டிப் பார்த்தேன். முழு வார்ப்பு மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். என்னுடையது ஒலித்தது. ஆனால் நான் தட்டியது விளிம்பில் ஒரே இடத்தில். வீட்டில் நிரப்பி வைத்த மறுநாள் காலை, அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஓர் ஈரக்கோடு. சொட்டவில்லை, வியர்த்தது. அந்த வியர்வை காய்ந்து காய்ந்து ஆரஞ்சுத் துருவாகி, கீழே இருந்த கல்லில் இறங்கியது. தேய்த்தால் போகாது. தினமும் கண்ணில் படும்.

வார்ப்பிரும்பில் கரிமம் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். எஃகு மாதிரி வளைந்து கொடுக்காது. சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால், பற்று ஆறிச் சுருங்கும்போது பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். முதலில் கொடுத்த பட்டறையில் இதைச் சொல்லியும் கேட்கவில்லை. விரல் நீள விரிசல் ஒரு சாண் ஆகித் திரும்பி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. இந்த முறை செய்தவர் விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார், அது மேலே ஓடாமல் இருக்க. முழுக் கொப்பரையையும் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து, ஒவ்வொரு பற்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசியில் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார்.

இவ்வளவுக்கும் அதைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் அந்தத் தண்ணீர். முதல் வருஷம் முடிவதற்குள், நீருக்கடியில் இருக்கும் இரும்பு கறுத்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டியில் அடி தெரியும். இதில் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் வானம் அப்படியே உள்ளே நிற்கும். ஒரு கப்பி மேலே வந்து வாயைத் திறந்தால் போதும், மேகம் முழுக்க நடுங்கும். இதை எதிர்பார்த்து நான் வாங்கவில்லை.

முதல் மாதம் நீர்மேல் எண்ணெய் மாதிரி வானவில் படலம் படர்ந்தது. பயந்துபோய் இரண்டு தடவை தண்ணீரை மாற்றினேன், வீண் வேலை. குச்சியால் தொட்டுப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா, மீனுக்கு ஒன்றும் ஆகாது. உடைந்தது மறுபடி கூடிக்கொண்டால்தான் எண்ணெய். வெயிலில் விளிம்பு கொதிக்கும், அதில் சாய்ந்த இலை ஓரம் கருகிவிடும். அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், அதனால் காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

இந்த மாதிரிக் கொப்பரைகள் அமெரிக்காவின் லூசியானாவிலும் கரீபியத் தீவுகளிலும் கரும்புச்சாறு காய்ச்ச வார்க்கப்பட்டவை. பெரியதிலிருந்து சிறியதற்கு, வரிசையாக, கொதிக்கும் சாற்றை அகப்பையால் மாற்றியவர்கள் அடிமைகள். 1843-இல் நார்பர்ட் ரில்லியூ என்ற பொறியாளர் வெற்றிடத்தில் காய்ச்சும் கலன்களுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு திறந்த கொப்பரைகள் மெல்ல மெல்ல ஆலையை விட்டு வெளியேறி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிகளாயின. இதைப் படித்த பிறகு 'அழகான பழம்பொருள்' என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேடுகிறவர்கள் சுற்றிலும் பத்து இடத்திலாவது தட்டிப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஒரு நாள் நிரப்பி வையுங்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள். பழைய வார்ப்பு பலவற்றில் உருக்கிய இரும்பை ஊற்றிய இடத்தில் தழும்பு மாதிரி ஒரு நீள மேடு இருக்கும். சொரசொரப்பான அரைத்த தடம் புதிதாகப் பளிச்சென்று தெரிந்தால் புது வார்ப்போ என்று சந்தேகப்படுங்கள்.

தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். சிமெண்ட் தொட்டி போதும், கசிந்தால் நீயே பூசிக்கொள்ளலாம். என்னுடையதைக் கொடுப்பாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

இன்று காலையும் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. ஏழாவது நாள்.